சுவரில் மாட்டிய ஊர்

அத்தை வீட்டு ஹாலில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், ஓர் ஊர் மாட்டியிருக்கிறது. ஆயிரம் துண்டு ஜிக்சா. அத்தையும் அவர் மகளும் ஒரு பள்ளி விடுமுறை முழுக்கத் தரையில் உட்கார்ந்து அடுக்கி, பசை தடவி, சட்டம் போட்டது. நடுவில் மஞ்சள் பூசிய ஒடுங்கிய வீடு. அதன் இடப்பக்கம் ஒரு தெரு, வலப்பக்கம் கீழே இறங்கிப் போகும் இன்னொரு தெரு. இரண்டும் ஆளுக்கொரு கோபுர வாசலில் போய் முடிகின்றன. சன்னல் தொட்டிகளில் சிவப்புப் பூக்கள். மனிதர் யாரும் இல்லை.

"இது எந்த ஊரு அத்த?"

"பெட்டியில ஜெர்மனின்னு போட்டிருந்துச்சு. யாரு பாத்தா? அழகா இருக்குல்ல, அது போதும்."

பத்து வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தீபாவளி முறுக்கு சாப்பிட்டிருக்கிறேன். அத்தை சொன்ன 'அது போதும்' என்ற சொல்லை யோசித்துப் பார்த்ததில்லை. போன வருடம்தான் அந்த ஊரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். ரோத்தன்பர்க். டவுபர் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருப்பதால் 'டவுபருக்கு மேலுள்ள ரோத்தன்பர்க்' என்பது முழுப்பெயர். பெயர் கிடைத்த பிறகு அதன் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அத்தையின் வாக்கியம் கேள்வியாக மாறிக்கொண்டே வந்தது. அழகாக இருப்பது போதுமா? எதற்குப் போதும்? ஓர் ஊர் உயிரோடு தப்பிக்க, அது அழகாக இருப்பது ஒரு காரணமாகலாமா?

நான் அங்கே போனதில்லை. படத்தை வைத்துத்தான் பேசுகிறேன். அந்த ஊரைக் காப்பாற்றிய மனிதரும் படத்தில்தான் தொடங்கினார் என்பதால் இதில் எனக்குக் கூச்சமில்லை.

*

முதலில் ஊரைப் பற்றி. பவேரியா மாநிலத்தில், பிராங்கோனியா என்று சொல்லப்படும் பகுதியில் இருக்கிறது. இன்றைக்கு அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய 11,000 பேர்தான். ஆனால் 1274இல் அது பேரரசின் சுதந்திர நகரமாக ஆனது. அதாவது பக்கத்துப் பிரபு எவருக்கும் கட்டுப்படாமல், நேரே பேரரசருக்கு மட்டும் பதில் சொல்லும் ஊர். மதில், கோபுரங்கள், பெரிய தேவாலயம், அதற்குள் மரச்சிற்பி ரீமன்ஷ்னைடர் செதுக்கிய பீடம் என்று இன்று பயணிகள் படமெடுக்கும் பலவும் அந்தச் செழிப்பான காலத்தில் வந்தவை.

பிறகு வந்தது முப்பதாண்டுப் போர். கத்தோலிக்கர்களும் புரோட்டஸ்டண்டுகளும் 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நிலத்தை மேய்ந்து தீர்த்த போர். புரோட்டஸ்டண்டு ஊரான ரோத்தன்பர்க் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. வணிகம் வேறு வழியில் போனது. 1800களின் தொடக்கத்தில் சுதந்திரத்தையும் இழந்து பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. கையில் காசு புழங்கிய ஊர்கள் பழைய மதிலை இடித்து அகலத் தெரு போட்டன, பழைய வீட்டைத் தள்ளிவிட்டுப் புது வீடு கட்டின. இந்த ஊரால் அது முடியவில்லை. நாம் 'பாதுகாக்கப்பட்ட பழமை' என்று வியப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இருநூறு வருட ஏழ்மை. 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பயணிகள் வந்தார்கள். அப்போதுதான் ஊருக்குத் தன் முகம் விலைபோகும் என்று தெரிந்தது.

முகத்தோடு ஒரு கதையும் வேண்டுமே. அதுவும் கிடைத்தது. 1631இல் கத்தோலிக்கத் தளபதி டிலி ஊரைப் பிடிக்கிறார். நகரசபைக்காரர்களைக் கொல்லப்போவதாகவும் ஊரைக் கொளுத்தப்போவதாகவும் சொல்கிறார். அவருக்கு ஒரு பெரிய குவளையில் மது கொடுக்கிறார்கள். மூன்றேகால் லிட்டர் பிடிக்கும் குவளை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதை ஒரே மூச்சில் குடிப்பவன் இருந்தால் ஊரை விட்டுவிடுகிறேன்" என்கிறார். நூஷ் என்ற மூத்த நகரத்தலைவர் குவளையை எடுத்துக் குடித்து முடிக்கிறார். ஊர் பிழைக்கிறது.

இப்படி நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஆனால் 1881இல் உள்ளூர்க் கண்ணாடித் தொழிலாளி ஒருவர் இதை நாடகமாக எழுத, ஊரே சேர்ந்து நடித்தது. இன்றும் பெந்தெகோஸ்தே விழாவின்போது நடிக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்துக் கடிகாரத்தின் இரு பக்கமும் சன்னல் திறந்து டிலி பொம்மை பார்க்க, நூஷ் பொம்மை குடிக்கிறது.

நல்ல கதைதான். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கதைக்குள் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஊரைக் காப்பாற்றியது நியாயம் இல்லை. 'இவர்களைக் கொல்வது தவறு' என்று டிலிக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேடிக்கையாக இருந்தது, மனசு இளகியது, விட்டுவிட்டார். அதே வருடம் மே மாதம், அதே டிலியின் படை மக்டபர்க் நகரத்துக்குள் நுழைந்தபோது ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். அங்கே யாரும் அவரைச் சிரிக்க வைக்கவில்லை.

*

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஊரின் முகத்தை அதிகம் விரும்பியவர்கள் நாஜிகள். அவர்கள் தேடிய ஜெர்மனி இப்படித்தான் இருந்தது. தொழிற்சாலைப் புகை இல்லை, நவீனக் கட்டடம் இல்லை, கலப்பு இல்லை. ஆட்சியின் ஓய்வுநேர அமைப்பு தொழிலாளர்களை ரயில் ரயிலாக இங்கே சுற்றுலா அழைத்து வந்தது, 'உண்மையான ஜெர்மானிய ஊரை'க் காட்டுவதற்கு. ஊர்க்காரர்களும் அந்த வேடத்தை விரும்பியே போட்டுக்கொண்டார்கள். பழைய கோபுர வாசல்களில் யூதர்களைப் பழித்து எழுதிய அலங்கார மரப்பலகைகள் மாட்டப்பட்டன. 1938 அக்டோபர் 22 அன்று, நாடு முழுவதும் யூதர் மீது வன்முறை கட்டவிழ்ந்த நவம்பர் இரவுக்கும் இரண்டு வாரம் முன்பே, மிச்சமிருந்த சில யூதர்களையும் ஊர் துரத்திவிட்டது.

இதைப் படித்தபோதுதான் ஜிக்சாவில் மனிதர்கள் இல்லாதது எனக்கு உறைத்தது. படத்துக்குக் குற்றமில்லை. ஆனால் ஓர் ஊரை வெறும் படமாகப் பார்க்கத் தொடங்கினால், அதில் யார் இருக்கலாம், யார் இருந்தால் படம் கெடும் என்ற யோசனையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. சன்னல் தொட்டியில் பூ வைத்த அதே கைகள்தான் வாசலில் பலகையையும் மாட்டின. இரண்டையும் ஊரை அழகுபடுத்தும் ஒரே வேலையாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

*

இப்போது 1945. மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் ரோத்தன்பர்க்கில் குண்டு போட்டன. நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். பழைய ஊரில் ஏறக்குறைய 40 விழுக்காடு அழிந்தது. கிழக்குப் பக்கத்து வீடுகள், ஒன்பது கோபுரங்கள், அறுநூறு மீட்டருக்கு மேல் மதில், எல்லாம் போயின. ஏப்ரலில் தரைப்படை நெருங்கியது. அடுத்தது பீரங்கி. மிச்சமும் போயிருக்க வேண்டியதுதான்.

போகவில்லை. காரணம் ஜான் மெக்லாய். அமெரிக்கப் போர்த்துறையின் துணைச் செயலர். இந்த ஊரைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது: அவருடைய அம்மா ஒரு காலத்தில் ரோத்தன்பர்க்குக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து கொண்டுவந்த படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். பையன் அதைப் பார்த்தே வளர்ந்தவர். படை ரோத்தன்பர்க்கை நெருங்குகிறது என்று தெரிந்ததும் தளபதி டெவர்ஸிடம் பேசினார். பீரங்கி வேண்டாம், பேசிப் பாருங்கள் என்றார். சில வீரர்கள் வெள்ளைக்கொடியோடு ஊருக்குள் நடந்தார்கள். கடைசிவரை போராட வேண்டும் என்ற ஹிட்லரின் கட்டளையை மீறி, அங்கிருந்த ஜெர்மன் அதிகாரி படையை விலக்கிக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று ரோத்தன்பர்க் சண்டையில்லாமல் அமெரிக்கர் கைக்கு வந்தது. போருக்குப் பிறகு ஊர் மெக்லாய்க்குக் கௌரவக் காவலர் பட்டம் கொடுத்து நன்றி சொன்னது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் சந்தோஷமாக அத்தைக்கு போன் போட்டிருப்பேன். 'ஒங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு படந்தான் அந்த ஊரையே காப்பாத்துச்சு' என்று.

ஆனால் மெக்லாயின் பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. 1944 கோடையில், ஆஷ்விட்ஸில் தினமும் ஆயிரக்கணக்கான யூதர்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி வாஷிங்டனுக்கு வந்துசேர்ந்திருந்தது. முகாமையோ அதற்குப் போகும் ரயில் பாதையையோ குண்டுபோட்டு அழியுங்கள் என்று யூத அமைப்புகள் கெஞ்சின. ஆகஸ்ட் 14 தேதியிட்ட கடிதத்தில் போர்த்துறை சார்பாக மறுத்துப் பதில் எழுதியவர் மெக்லாய். வேறு இடங்களில் தேவைப்படும் விமானங்களைத் திருப்பிவிட வேண்டியிருக்கும், பலன் கிடைக்குமா என்பதும் சந்தேகம் என்று அதில் காரணம் சொல்லப்பட்டிருந்தது. ஆறே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, அமெரிக்க விமானங்கள் ஆஷ்விட்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தொழிற்சாலையின் மேல் குண்டு வீசின.

இதில் மெக்லாயை அரக்கனாக்குவது சுலபம். அது நேர்மையாகவும் இருக்காது. அந்த முடிவு அவருடையது மட்டுமல்ல, துறையின் கொள்கை. குண்டு போட்டிருந்தால் பலன் இருந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே எட்டு மாதம். 1945 ஏப்ரலில் போர் முடியப்போகிறது, இரக்கப்பட அவகாசம் இருந்தது.

எல்லாம் சரி. ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு கோரிக்கை வழக்கமான கோப்பாக வந்தது, வழக்கமான பதில் போனது. இன்னொன்றை யாரும் கேட்கவே இல்லை. அவரே போய்ப் பேசினார். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது எது? ஒன்று அம்மாவின் சுவரில் இருந்தது. மற்றது காகிதத்தில் இருந்தது.

அழகு என்ற காரணமும் முழுசாகப் பொருந்தவில்லை. ரோத்தன்பர்க்குக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் வுர்ஸ்பர்க் நகரம் இருக்கிறது. ரீமன்ஷ்னைடர் வாழ்ந்த, வேலை செய்த ஊரே அதுதான். அரண்மனையும் தேவாலயங்களுமாக அதுவும் அழகான ஊர். 1945 மார்ச் 16 இரவில், இருபது நிமிடம் போல நடந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அங்கே ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். அப்படியென்றால் அழகாக இருந்தால் மட்டும் போதாது. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவரின் ஞாபகத்திலும் இருக்க வேண்டும்.

மெக்லாயின் மேலதிகாரி போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன். அவரும் ஓர் ஊரைக் காப்பாற்றினார். அணுகுண்டுக்கான பட்டியலில் கியோட்டோ இருந்தது. 1920களில் அவர் அதை நேரில் பார்த்திருந்தார். ராணுவம் திரும்பத் திரும்பச் சேர்த்தபோதும் விடாமல் நீக்கினார். போருக்குப் பிறகு ஜப்பானியர்களின் கசப்பு ஆறாது என்ற அரசியல் கணக்கும் அவரிடம் இருந்தது. கியோட்டோ பிழைத்தது. பட்டியலில் நாகசாகி சேர்ந்தது.

*

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் மாமாக் கடையில் உட்கார்ந்து புலம்பினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்:

"சரி, இப்ப என்ன சொல்ல வர்ற? ஆஷ்விட்ஸ காப்பாத்தலன்னா ரோத்தன்பர்க்கையும் சுட்டிருக்கணுமா? அங்கயும் புள்ளைங்க இருந்திருக்கும்ல?"

சரியான கேள்வி. அந்த நிமிடம் பதில் வரவில்லை. தேதண்ணி ஆறிப்போனது.

அவன் சொல்வதில் பாதி உண்மை. எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காத கருணை யாருக்குமே வேண்டாம் என்று சொன்னால், உலகத்தில் கருணையே இருக்காது. மனிதன் எங்கிருந்தாவதுதான் தொடங்க வேண்டும். அம்மா, அம்மா காட்டிய படம், தெரிந்த முகம், தெரிந்த தெரு. ஒட்டுமொத்த மனிதகுலத்தை நேசிக்கிறேன் என்பவர்களை விட, ஒரு தெருவை நேசிப்பவர்களை நான் அதிகம் நம்புவேன். அந்த ஏப்ரல் காலையில் ரோத்தன்பர்க்கில் எழுந்த குழந்தைகள் ஒரு படத்தால் உயிரோடு இருந்தார்கள் என்றால், அந்தப் படத்துக்கு நன்றி.

ஆனால் அவன் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. 'காப்பாற்றியது சரியா' என்பதை மட்டும் கேட்டால் 'சரி' என்ற பதிலோடு எழுந்து போய்விடலாம். காப்பாற்றிய காரணம் சரியா என்பது வேறு கேள்வி. ரோத்தன்பர்க்கின் பிள்ளைகளைச் சுடக்கூடாது என்பதற்குக் காரணம் அவர்கள் பிள்ளைகள் என்பது. அவர்கள் வீட்டுக் கூரை அழகாக இருந்தது என்பதல்ல. அழகை, நெருக்கத்தை, ஞாபகத்தைக் காரணமாக ஏற்றுக்கொண்டால், அசிங்கமான ஊர், தூரத்து ஊர், யாருடைய அம்மாவும் போகாத ஊர் எல்லாம் தானாகவே பட்டியலில் மேலே வந்துவிடும். யாரும் வெறுப்போடு அதைச் செய்ய வேண்டியதில்லை. அது தானாக நடக்கும்.

நாமும் தினம் இதைச் செய்கிறோம். போனில் வரும் போர்ச் செய்திகளில் எந்தப் படத்தில் விரல் நிற்கிறது, எதைத் தள்ளிவிட்டுப் போகிறது? எனக்கு என் விரலைப் பற்றித் தெரியும். கண் பெரிதாக, முகம் சுத்தமாக இருக்கும் குழந்தையிடம் அது நிற்கிறது.

*

நண்பனுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை, கடைசியில் ரோத்தன்பர்க்கிலேயே கண்டுபிடித்தேன். குவளைக் கதை வருவதற்கு ரொம்ப முன்பே அங்கே வாழ்ந்த ஒருவரிடம்.

13ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ரப்பி மெயிர் என்று ஒரு யூத அறிஞர் இருந்தார். ஜெர்மனி முழுவதிலுமிருந்து சட்டச் சந்தேகங்களைக் கேட்டு அவருக்குக் கடிதம் வரும். நூற்றுக்கணக்கில் பதில் எழுதியிருக்கிறார். 1240களில் பாரிஸில் தால்முத் சுவடிகள் எரிக்கப்பட்டபோது இரங்கற்பா பாடியவரும் அவரே. 1286இல் பேரரசின் நிலத்தைவிட்டு வெளியேற முயன்றபோது பிடிபட்டார். அவரைச் சிறைவைத்தவர் அரசர் ருடால்ஃப். ரோத்தன்பர்க்குக்குச் சுதந்திரம் கொடுத்த அதே ருடால்ஃப். யூதர்கள் தங்கள் பெரிய ஆசானை மீட்கப் பணம் திரட்டினார்கள். மெயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பிடிபட்டவரை மிதமிஞ்சிய விலைகொடுத்து மீட்கக் கூடாது என்பது பழைய யூதச் சட்டம். ஒருவருக்கு அப்படிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவரைப் பிடிப்பார்கள். 1293இல் சிறையிருப்பிலேயே இறந்தார். உடலையும் கொடுக்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து, 1307இல், அலெக்சாண்டர் விம்ஃபன் என்ற செல்வந்தர் பணம் கட்டி உடலை மீட்டார். பதிலுக்கு அவர் கேட்டது மெயிரின் பக்கத்தில் ஓர் இடம். வோர்ம்ஸ் நகரின் யூதக் கல்லறையில் இரண்டு கற்களும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

மெயிர் இறந்து ஐந்தே வருடத்தில், 1298இல், ரிண்ட்ஃப்ளைஷ் என்பவன் தலைமையில் கிளம்பிய கும்பல் ரோத்தன்பர்க்கில் ஏறக்குறைய 450 யூதர்களைக் கொன்றது. 1520 வாக்கில் ஊர் எல்லா யூதர்களையும் வெளியேற்றியது. அழகான ஊர் என்று நாம் பார்க்கும் ஊருக்கு அடியில் இதுவும் இருக்கிறது. யூதர் தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

மெயிரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் அந்தக் காலத்து யூதர்களின் 'அழகான ஊர்'. எல்லோருக்கும் தெரிந்தவர், எல்லோரும் நேசித்தவர். அவரைக் காப்பாற்ற எல்லோரிடமும் காரணம் இருந்தது. ஆனால் தன்னை மீட்கும் விலையைப் பெயர் தெரியாத வேறொருவன் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவர் பார்த்தார். நான் சிறப்பானவன் என்பதற்காக எனக்கு விதிவிலக்கு வேண்டாம் என்று, காப்பாற்றப்படும் இடத்தில் இருந்துகொண்டே ஒருவரால் சொல்ல முடிந்திருக்கிறது.

எல்லோரும் மெயிர் ஆக முடியாது. நான் ஆக மாட்டேன். ஆனால் காப்பாற்றும் இடத்தில் இருக்கும்போதாவது அவரைப் போல ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நான் இவரை விட்டுவிடச் சொல்கிறேனே, அதே காரணம் யாருக்கெல்லாம் பொருந்தும்? பொருந்தும் மற்றவர்களுக்காக எப்போதாவது போனை எடுத்தேனா?

*

போருக்குப் பிறகு ரோத்தன்பர்க் தன் மதிலைத் திரும்பக் கட்டியது. உலகம் முழுக்க இருந்து பணம் வந்தது. மீட்டர் கணக்கில் நன்கொடை. கொடுத்தவர்களின் பெயர்கள் மதிலில் கற்களாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானியப் பெயர்கள் நிறைய. தங்கள் ஊர்களும் எரிந்ததைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. அவர்களை நினைத்தால் என் எரிச்சல் கொஞ்சம் தணிகிறது. தொலைதூரத்து மதிலுக்கு ஒரு மீட்டர் கொடுத்தவரின் அன்பை நான் எப்படிச் சந்தேகிப்பது?

போன தீபாவளிக்கு அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதில், குவளை, குண்டு, துரத்தப்பட்டவர்கள், சிறையில் செத்த கிழவர். அத்தை கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"அதுக்காக படத்த கழட்டிரவா?"

"வேணாம் அத்த. இருக்கட்டும்."

எழுந்து போய், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிட்டத்தில் நின்று பார்த்தார். பத்து வருடத்தில் அப்படி அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

"இந்த மஞ்ச வீடு இருக்கே," என்றார், விரலை வைத்து. "இதுல யாருடா இருந்தாங்க?"